ஆர்மி ரிசர்வில் நர்ஸாகச் சேரலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

போன வருடம் வேலைக்காகத் தரும் இபி-3 விசாவில் கிரீன் கார்டோடு ஹூஸ்டன் வந்து ஐசியுவில் வேலை, வீட்டில் நாலு வயதுப் பிள்ளை, மாலில் பார்த்த, ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர், அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ரிசர்வில் சேர்ந்தால் சிட்டிசன்ஷிப் சீக்கிரம் வரும், மேல்படிப்புக்குப் பணம் வரும் என்கிறார், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிட்டிசன் ஆன பிறகு ரிசர்வில் நர்ஸாகச் சேர்ந்தவள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

அந்த ரெக்ரூட்டர் உங்களை என்னவாகச் சேர்க்கிறார் என்று கேட்டீர்களா? இங்கே ராணுவத்தில் ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸ், என்றால் அதிகாரி. பிஎஸ்என் என்ற நர்ஸிங் பட்டமும் லைசென்ஸும் காட்டி நேரடியாக கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், வாங்க வேண்டும், அதற்குப் பொதுவாக சிட்டிசனாக இருக்க வேண்டும், ரிசர்வ் மருத்துவப் பிரிவில் சில சமயம் விலக்கு தருவார்கள். சிப்பாயாகச் சேர கிரீன் கார்டு போதும். சிட்டிசன்ஷிப் சீக்கிரம் வரும் என்பதும் பொய்யில்லை. ஆனால் அந்த அவசரத்தில் சிப்பாயாகக் கையெழுத்துப் போட்டால் முதலுதவி பார்க்கும் மெடிக்காகவோ வேறு ஏதாவதாகவோதான் இருப்பீர்கள், நர்ஸாக இல்லை. நர்ஸ்களை எடுப்பதற்கென்றே மெடிக்கல் ரெக்ரூட்டர்கள் தனியாக இருக்கிறார்கள், அவர்களிடம் பேசுங்கள்.

பணத்துக்காக என்றால் கணக்கு உதைக்கும். மாதம் ஒரு சனி ஞாயிறு போனால், ஒரு நாளை இரண்டாகக் கணக்கிட்டு நாலு நாள் அடிப்படைச் சம்பளம், அவ்வளவுதான். அதே இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஓவர்டைம் பார்த்தால் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே வரும். உண்மையான லாபம் குறைந்த பிரீமியத்தில் குடும்பத்துக்கே கிடைக்கும் ட்ரைகேர் என்ற ராணுவ மருத்துவ இன்சூரன்ஸும், 20 வருடம் ஒழுங்காக முடித்தால் பொதுவாக 60 வயதில் வரும் பென்ஷனும்தான். அந்த சனி ஞாயிறிலும் பாதி நேரம் தடுப்பூசிப் பதிவு, ஆன்லைன் வகுப்பு, பேப்பர் வேலை என்று போய்விடும். வெள்ளி இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே அணிவகுப்பில் போய் நிற்பது தனிக் கொடுமை. ஆனால் வருடாந்திரப் பயிற்சி எனக்குப் பிடிக்கும். விஸ்கான்சினில் ஃபோர்ட் மெக்காயில் கூடாரத்துக்குள் ஐசியு போட்டு, ஜெனரேட்டர் இரைச்சலில் மானிட்டர் அலாரம் காதில் விழாமல், நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்த்தே நிலைமையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் பழகியவர்களுக்கு அது கைவந்த கலை.

வீட்டை யார் பார்ப்பார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. ஒப்பந்தம் மொத்தம் 8 வருடம், அதில் எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ரிசர்விலிருந்து 85 பேர் கொண்ட மருத்துவக் குழுக்களை அமைத்து நியூயார்க், நியூஜெர்சி என்று அனுப்பினார்கள், கிளம்பக் கிடைத்த அவகாசம் சில நாள்தான். 1994 சட்டப்படி உங்கள் வேலையை ஆஸ்பத்திரி திருப்பித் தந்தாக வேண்டும், ஆனால் நீங்கள் இல்லாத நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கும் ஷிப்ட் வேலை என்றால், ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்க விசா எடுப்பதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள்.

அப்புறம், நம்மவர்கள் பலர் யோசிக்காதது ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் விசா இல்லாமல் ஊருக்குப் போய்வர இந்தியா தரும் அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்பது இந்திய அரசின் விதி. நாளைக்கு சிட்டிசன் ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும், ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டும், அந்தப் படிவத்திலும் ராணுவத்தில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அப்பா அம்மாவுக்கு வயதாகி, ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் போட வேண்டிய நிலை வந்தால் இது சின்ன விஷயமில்லை.

சிட்டிசன் ஆகி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் ஆசை இருந்தால் அப்போது மெடிக்கல் ரெக்ரூட்டரைப் பாருங்கள். எந்த யூனிட், வீட்டிலிருந்து எத்தனை மைல், போனஸ் உண்டா, படிப்புக் கடனை அடைப்பார்களா என்று கேட்டு எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதெல்லாம் அங்கே செல்லாது. கையெழுத்துக்கு முன்னால் ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் ஓசிஐ பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.