சுட்டவன் சுட்டிக்காட்டினானா?

வணக்கம் ஐயா,
அப்பளம் சுடுகிறோம், துப்பாக்கியாலும் சுடுகிறார்கள். இரண்டும் ஒரே சொல்தானா? குறிபார்த்துச் சுட்டுவதால்தான் ‘சுட்டான்’ வந்தது, நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் நண்பர். சரியா?
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நண்பரை ஏமாற்றியது ‘சுட்டு’ என்ற வடிவம். ‘சுடு’ என்ற வினையின் எச்சம் ‘சுட்டு’. காட்டுதல் என்ற பொருளில் வரும் வினையின் பகுதியும் ‘சுட்டு’. ஆனால் இறந்த காலத்தில் வழி பிரிந்துவிடும். நெருப்பால் சுட்டான், விரலால் சுட்டினான். குறிபார்ப்பதுதான் மூலம் என்றால் துப்பாக்கியால் ‘சுட்டினான்’ என்றல்லவா சொல்லியிருப்போம்?

வில்லாளியும் குறிதான் பார்க்கிறான். அம்பை எய்தான் என்கிறோம், சுட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெடிமருந்தும் தீயும் வந்த பிறகுதான் இந்த வினை ஆயுதத்துக்குப் போனது. தெலுங்கைப் பாருங்கள்: அங்கே எரிப்பதற்கும் வாட்டுவதற்கும் உள்ள ‘கால்ச்சு’ என்ற சொல்தான் துப்பாக்கிக்கும். வேறு வேர், அதே பயணம். மலையாளம் ‘வெடி வைக்குக’ என்று வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் எரித்தல் என்ற பொருளில் ‘சுடு’ அங்கேயும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. மூன்று மொழியிலும் சுடுகாடு சுடுகாடுதான். ஆகவே இது பழைய திராவிடச் சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம், இந்த வினையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விறகு எரிந்தது, விறகை எரித்தான் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் ‘எரி’ வடிவம் மாறுகிறது. ‘சுடு’ மாறுவதில்லை. மணல் சுட்டது, அவள் அப்பம் சுட்டாள். சுடுவதற்குச் சுவாலையும் வேண்டாம், சூடு வந்து சேர்ந்தால் போதும். ‘தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ’ என்கிறது குறள். தீ தொட்டால்தான் சுடும், காமநோய் விலகினால் சுடும். இந்த இடத்தில் ‘எரி’யை வைத்துப் பாருங்கள், குறளே நிற்காது.

உங்கள் நண்பருக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. படு ‘பாடு’ ஆவதுபோல, கெடு ‘கேடு’ ஆவதுபோல, சுடு நீண்டு ‘சூடு’ என்ற பெயராகிறது. மாட்டுக்குப் போடும் சூடும் அதுதான், செய்தித்தாளில் வரும் துப்பாக்கிச் சூடும் அதுதான். ‘துப்பாக்கிச் சுட்டு’ என்று யாரும் எழுதுவதில்லையே.

அன்புடன்.