ஹாம்லெட்டின் மகன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்மீனியாவின் கால்பந்து வீரர் ஹென்ரிக் மிகிதார்யானை, ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்கு ஆடிய காலத்திலிருந்தே ரசித்துப் பார்த்து வருகிறேன். சுமார் முப்பது லட்சம் பேர் உள்ள நாடு. கால்பந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாத மண். அங்கிருந்து தனி ஆளாக மேலே வந்தவர். ஆனால் 2019-ல் யூரோப்பா லீக் இறுதிப்போட்டிக்கு அவர் அப்போது ஆடிய ஆர்சனல் அணி அஜர்பைஜான் தலைநகர் பாகு போனபோது இவர் போகவில்லை. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் அப்படி ஒதுங்கலாமா? மான்செஸ்டர் யுனைடெட்டில் இவர் வீணானதற்கு அங்கே கோச்சாக இருந்த மொரின்யோதானே காரணம்?

க.

அன்புள்ள க.,

மொரின்யோவை விட்டுவிடுங்கள். அவரைத் திட்ட ஊரே இருக்கிறது, நானும் சேர வேண்டியதில்லை. பிற்பாடு இத்தாலியின் ரோமா அணியில் அதே மொரின்யோவிடம்தான் மிகிதார்யான் மறுபடி ஆடினார். 2022-ல் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையும் வாங்கினார்கள்.

பாகு விஷயம். கராபாக் என்ற பகுதி யாருக்கு என்ற சண்டையால் ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் தூதரக உறவே கிடையாது. 2007-ல் யூரோ கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டும் ஒரே பிரிவில் மாட்டியபோது, எங்கே ஆடுவது என்று ஒத்துப்போகாமல் இரண்டு ஆட்டங்களும் ரத்தாயின. யாருக்கும் புள்ளி இல்லை. அதற்கப்புறம் குலுக்கலில் இரண்டும் ஒன்றாக விழாதபடி ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபாவே பார்த்துக்கொண்டது. அந்த யூஃபாதான் இறுதிப்போட்டியைக் கொண்டுபோய் பாகுவில் வைத்தது. ஆக, உங்கள் கேள்வி போக வேண்டிய விலாசம் வேறு. 2015-ல் டார்ட்மண்ட் அஜர்பைஜானின் கபாலா ஊருக்குப் போனபோதும், 2018-ல் ஆர்சனல் இதே பாகுவுக்கு ஒருமுறை போனபோதும் அவர் போகவில்லை. அப்போதெல்லாம் உங்களுக்குக் கோபம் வரவில்லையே. கோப்பை என்றதும் தொழில்தர்மம் ஞாபகம் வந்துவிட்டதா?

என்னை எழுத உட்கார வைத்தது இவை இரண்டும் இல்லை. போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, ஒன்றுமே இல்லாத மண், தனி ஆள் என்று. அதுதான். கொஞ்ச நாளாகவே எந்த விளையாட்டு வீரரைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தப் பாட்டுத்தான் காதில் விழுகிறது.

'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளைக் கிழித்துப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்ட தலைமுறை நான். என் கணக்குப் புத்தகத்தின் மேல் காலைத் தூக்கிப் பந்தை அடிக்கிற ஒருவன் இருந்தான். பெயர் மடிப்புக்குள் போய்விட்டது. சோவியத்காரன் என்றால் மாஸ்கோக்காரன், மிஞ்சினால் கீவ்காரன் என்பதுதான் எங்கள் அறிவு. ஆனால் 1973-ல் சோவியத் லீக், சோவியத் கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் தூக்கியது, அன்று சோவியத்தில் இருந்த ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானின் அராரத் அணி. 1975-ல் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் அது ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கைச் சந்தித்தது. அங்கே 2-0 என்று தோற்று, சொந்த ஊரில் ஹ்ராஸ்தான் மைதானத்தில் 1-0 என்று ஜெயித்தது. அந்த வருடம் கோப்பையை வாங்கியதே பயர்ன்தான். இதுவா ஐயா ஒன்றுமே இல்லாத மண்?

அந்த அராரத்துக்கு 1980களில் கோல் போட்டுக்கொண்டிருந்தவர் ஹாம்லெட் மிகிதார்யான், இவருடைய அப்பா. (ஆர்மீனியாவில் ஹாம்லெட் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பது சகஜம்.) மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே பிரான்ஸில் வாலான்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். அது ஆர்மீனியர்கள் நிறையக் குடியேறிய ஊர். அப்பா பயிற்சிக்குக் கிளம்பினால் கூடவே போக அடம்பிடிக்கிற பிள்ளை. பிறகு அப்பாவுக்கு மூளையில் கட்டி. குடும்பம் யெரெவானுக்கே திரும்பியது. 1996-ல் அவர் இறந்தபோது வயது 33. மகனுக்கு ஏழு. அப்பா ஆடிய ஆட்டங்களை அப்புறம் வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான் அந்தப் பையன். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது.

அம்மா மரீனா கால்பந்து சம்மேளனத்தில் வேலை பார்த்தவர். அக்காவும் பிறகு யூஃபாவில் சேர்ந்தார். பையன் பயிற்சிக்குப் போனது பியூனிக் கிளப்புக்கு. 2001 முதல் 2010 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஆர்மீனிய லீக்கை ஜெயித்த கிளப் அது. பதின்ம வயதில் சில மாதம் பிரேசிலின் சாவ் பாலோ கிளப்பில் பயிற்சி. பதினேழு வயதில் பியூனிக்கின் பெரியவர்கள் அணி.

வீடு, அம்மா, கிளப், கோச், ஒரு ஊரின் ஐம்பது வருடப் பழக்கம். இத்தனை பேரையும் ஒரே வரியில் துடைத்துவிட்டு தனி ஆள் என்கிறீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்குமே இந்தக் கதை பிடிக்கிறது. ஏன் தெரியுமா? ஒருவரை அதிசயப் பிறவி என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். மைதானம் வேண்டாம், சின்னப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து கோச் வைக்க வேண்டாம். அவராக முளைத்து வருவார், நாம் மாலையோடு போய் நின்றால் போதும்.

அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. உக்ரைனில் முதலில் மெட்டலுர்ஹ், பிறகு ஷக்தார், இரண்டும் தோனெத்ஸ்க் அணிகள்தான். 2012-13 சீசனில் மட்டும் லீக்கில் 25 கோல், அந்த லீக்குக்கே அப்போது சாதனை. ஆர்மீனியாவுக்காக 95 ஆட்டம், 32 கோல். அவரளவுக்கு அந்நாட்டுக்குக் கோல் போட்டவர் வேறு யாருமில்லை. 2017-ல் ஸ்டாக்ஹோமில் அயாக்ஸுக்கு எதிரான யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில் யுனைடெட்டுக்காக கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி தலைக்குமேல் பந்தைக் கொக்கி போட்டு இழுத்துக் கோல் அடித்தாரே, யுனைடெட்டில் வீணானவர் என்கிறீர்களே, அந்த இரவு நீங்கள் தூங்கிவிட்டீர்களா?

ஆனாலும் எனக்குப் பிடித்த மிகிதார்யான் இன்டர் மிலானில் ஆடியவர். 33 வயதில் டிரான்ஸ்பர் பணம் ஏதுமின்றிப் போனார். முன்னால் நின்று கோல் போட்டவர் அங்கே நடுக்களத்தில் இறங்கி அடுத்தவர்களின் இடத்தைக் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். டிஃபெண்டர் பஸ்தோனி பந்தோடு மேலே ஏறினால், திரும்பிப் பார்க்காமலே பின்னால் ஓடிவந்து அந்த ஓட்டையில் நின்றுகொள்வார்.

2023 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஏசி மிலானுடன் முதல் ஆட்டம், எங்காவது கிடைத்தால் பாருங்கள். பதினோராவது நிமிடம். இன்டரின் டிமார்கோ இடப்பக்கமிருந்து பாஸ் போடுகிறார், அதே அணியின் லௌதாரோ தொடாமல் விட்டுவிடுகிறார், நடுவில் இவர் ஓடிவந்து கோல். அதை எல்லாரும் பார்த்தார்கள். நீங்கள் அதற்கப்புறம் ஒரு இருபது நிமிடம் பந்தைப் பார்க்காமல் இவரை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.