பரணில் கிடக்கும் ஃபைல்களை எப்போது, எப்படி அழிப்பது?

மார்ச் முடிந்து புதுக்கணக்கு போட்டதுமே வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான்: “பழைய ஃபைலை எல்லாம் போட்டுவிடலாமா?” இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருப்பூரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக பனியன் தொழில் நடத்துகிறோம். 2009-லிருந்து பில், வவுச்சர், சம்பளப் பதிவேடு எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. எதுவரை அழிக்கலாம்?

இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவு, 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வவுச்சர்களோடு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவோ, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி எதுவோ அதிலிருந்து 72 மாதம் என்கிறது. 2021-22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 31.12.2022. ஆக ஜிஎஸ்டிக்காக 2028 டிசம்பர் வரை, கம்பெனிகள் சட்டத்துக்காக 2030 மார்ச் வரை அது இருக்க வேண்டும். பிந்திய தேதிதான் உங்கள் தேதி. அப்பீல், விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் அந்த வருட மூட்டையைத் தொடவே வேண்டாம்.

மினிட்ஸ் புத்தகமும் உறுப்பினர் பதிவேடும் நிரந்தரமாக இருக்க வேண்டியவை. சொத்துப் பத்திரம், ஸ்டாம்ப் பேப்பரில் போட்ட ஒப்பந்தம், கடன் தீராத பேங்க் ஆவணங்கள் ஆகியவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். பிஎஃப் தொடர்பான பதிவேடுகளை அழிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. உங்களிடம் 20 வருடம் முன்பு வேலை பார்த்த டெய்லர் ஒருநாள் வந்து நிற்பார். பிறந்த தேதி தப்பாக ஏறிவிட்டது, பென்ஷன் வரவில்லை என்பார். அவருக்கு அந்தப் பழைய பதிவேட்டின் ஒரு வரிதான் ஆதாரம்.

மூட்டையின் வெளியே எழுதியிருக்கும் வருடத்தை நம்பாமல் பிரித்துப் பாருங்கள். 2011 என்று எழுதிய ஃபைலுக்குள் 2020-ன் டெபிட் நோட் ஒன்று செருகியிருக்கும். பார்த்து முடித்ததும் என்ன ஆவணம், எந்த வருடம், எத்தனை மூட்டை, யார் முன்னிலையில், என்று அழிக்கப்போகிறோம் என்று ஒரு பட்டியல் எழுதி டைரக்டர் கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டருக்கு ஒரு நகல் போகட்டும். இந்தப் பட்டியல் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். பின்னால் எவராவது “அந்த வவுச்சர் எங்கே?” என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பழைய பேப்பர் கடையில் போட்டால் கிலோவுக்குக் காசாவது கிடைக்கிறது. இரண்டாகக் கிழித்துப் போட்டால் போதாதா? (மதுரை)

போதாது. பேப்பர் கடையில் சரக்கைப் பிரிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கசங்கியது, கிழிந்தது ஒரு பக்கம் போகும். முழுசாக இருக்கும் வெள்ளைத் தாளைத் தனியாக அடுக்குவார்கள். பொட்டலம் மடிக்க அதைக் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலையைத் தின்று முடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய சம்பளச் சீட்டோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ கண்ணில் படும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குறுக்கே கிழித்தாலும் மேல்பாதியில் பெயர், விலாசம், கணக்கு எண் எல்லாம் முழுசாகத்தான் நிற்கும். 1989-ல் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி கையால் கிழித்துப் போட்ட தாள்கள் சுமார் 16,000 மூட்டைகள். பின்னால் ஆட்கள் உட்கார்ந்து 500-க்கும் மேற்பட்ட மூட்டைகளைக் கையாலேயே ஒட்டிச் சேர்த்துவிட்டார்கள். ரகசியத்தையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் கிழித்ததற்கே அந்த கதி.

ஆன்லைனில் சின்ன ஷ்ரெடர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கோவை)

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது எப்படி வெட்டுகிறது என்று பாருங்கள். நீளப் பட்டையாக மட்டும் வெட்டும் மிஷின் வேண்டாம். டெஹ்ரானில் 1979-ல் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது ஊழியர்கள் அவசரமாக மிஷினில் விட்ட ரகசியத் தாள்கள் இப்படிப் பட்டைகளாகத்தான் கிடந்தன. ஈரானியர்கள் அவற்றைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துப் புத்தகங்களாகவே அச்சிட்டார்கள்.

உங்கள் ஆபீசுக்கு நெருக்கமான உதாரணம் சம்பளப் பட்டியல். எக்செல்லில் போட்டு அகலவாக்கில் பிரிண்ட் எடுத்திருப்பீர்கள். ஏ4 தாளை மிஷினில் குறுகிய பக்கமாகத்தான் விடுவோம். அப்போது பிளேடு எழுத்து வரி ஓடும் திசையிலேயே ஓடும். வெளியே வரும் 6 மி.மீ பட்டை ஒன்றை எடுத்தால் பெயர், பதவி, பிடித்தம், கணக்கு எண் என ஒரு ஆளின் வரி அப்படியே இருக்கும். ஒட்டவே தேவையில்லை!

பெட்டியின் மேல் பி-4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியின் டின் 66399 தரம்தான் இன்று ஐஎஸ்ஓ 21964 ஆகியிருக்கிறது. அதில் பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மி.மீ-க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ஏ4 தாள் 390 துண்டுக்குக் குறையாது. சாதாரண ஆபீசுக்கு இது போதும். பி-5-ல் துண்டு 30 சதுர மி.மீ-தான். சம்பளம், மருத்துவம், டெண்டர் விலை போன்றவற்றைக் கையாள்பவர்கள் அதை வாங்கலாம். சின்ன மிஷின் சில நிமிடம் ஓடியதும் சூடாகி நின்றுவிடும், ஆகவே அதை வைத்துப் பரணைக் காலி செய்ய நினைக்காதீர்கள். அன்றாடக் குப்பைக்குத்தான் அது.

போகி அன்று கொளுத்திவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே? (செங்கல்பட்டு)

கட்டுக் கட்டாகப் போட்டால் உள்ளே காற்றுப் போகாது. ஓரம் கருகும், நடுத்தாள்கள் மஞ்சளாகி அப்படியே இருக்கும், படிக்கவும் முடியும். பாதி எரிந்தவை காற்றில் பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும். புகையைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்வது தனிக்கதை. ரிசர்வ் வங்கியே பழைய நோட்டுகளை ஒரு காலத்தில் எரித்துக்கொண்டிருந்தது. இப்போது துண்டாக்கிக் கட்டிகளாக அழுத்திவிடுகிறது.

அழித்துத் தரும் ஏஜென்சி ஒன்று சர்டிஃபிகேட்டும் தருகிறேன் என்கிறது. நம்பலாமா? (சென்னை)

சர்டிஃபிகேட் ஒரு தாள்தான். உங்கள் கதவைத் தாண்டிய மூட்டை பிளேடுக்குப் போகும்வரை எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். சரக்கு கசிவது அந்த இடைவெளியில்தான்: படிக்கட்டுக்கு அடியில் ராத்திரி முழுக்கக் கிடந்த சாக்கு, வழியில் டீக்கடை முன் நின்ற லோடு வண்டி, வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்ட ஏஜென்சி. சாக்கு சீல் வைத்து எண் போடுகிறார்களா, எத்தனை மணி நேரத்தில் அழிக்கிறார்கள், துண்டு எந்த அளவு, துண்டுகள் எந்த மில்லுக்குப் போகின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாசலிலேயே எடை போட்டு அனுப்பி, சர்டிஃபிகேட்டில் வரும் எடையோடு ஒப்பிடுங்கள். முதல் முறையாவது உங்கள் ஆள் ஒருவர் கூடவே போய் நின்று பார்க்கட்டும். வாசலுக்கே மிஷின் வண்டி வந்து வெட்டிக் கொடுப்பதற்குச் செலவு கூடும்தான். ஆனால் சம்பளமும் வாடிக்கையாளர் விவரமும் உள்ள தாள்களுக்கு அதையே எடுங்கள்.

வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மிஷினைத் திருப்பிக் கொடுக்கிறோம். அதில் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா? (திருச்சி)

உண்டு, பலருக்குத் தெரியாததும் இதுதான். பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் சேர்ந்த பெரிய மிஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கும். நகல் எடுத்த பக்கங்கள் அதில் தங்கக்கூடும். நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை மிஷின்களை டிஸ்க்கை அழிக்காமலே திருப்பிக் கொடுத்தது. ஒரு டிவி நிறுவனம் அதில் ஒன்றை வாங்கித் திறந்தபோது நோயாளிகளின் விவரம் கிடைத்தது. 2013-ல் அஃபினிட்டி 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. சர்வீஸ் ஆளை உங்கள் கண் முன்னால் டிஸ்க்கை அழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்புக்கும் இதே கதைதான். டெலிட், ஃபார்மட் செய்வதால் அதில் இருப்பது போய்விடாது. காந்தத்தால் அழிக்கும் கருவி பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் சரி, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யிலும் பென் டிரைவிலும் அது வேலைக்கு ஆகாது. எஸ்எஸ்டி-யில் நடுவே ஒரு ஓட்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அதில் பல சிப்கள் இருக்கின்றன. ஓட்டை படாத சிப் பிழைத்துக்கொள்ளும்.

கிளினிக்கில் பழைய எக்ஸ்ரே பிலிம்கள் குவிந்துவிட்டன. வாங்க ஆள் வருகிறார், கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகத்தான் அவர் வருகிறார். நோயாளியின் பெயர், வயது, தேதி பிலிமின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பட்டையை வெட்டி எடுத்துத் தனியே அழித்த பிறகு, வெள்ளி பிரிக்க அனுமதி உள்ள இடத்துக்குக் கொடுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வைக்கச் சொல்கின்றன. போலீஸ் கேஸ், இன்சூரன்ஸ் வழக்கு சம்பந்தப்பட்டவை முடியும்வரை இருக்கட்டும்.

துறையிலிருந்து நோட்டீஸ் வரப்போகிறது என்று கேள்வி. அதற்குள் பழையதை எல்லாம் ஷ்ரெட் பண்ணச் சொல்கிறார் மேனேஜர். (ஊர் வேண்டாம் என்கிறார்)

செய்யாதீர்கள். வழக்கமான அட்டவணைப்படி அழிக்க வேண்டிய தேதியே வந்திருந்தாலும் இப்போது நிறுத்துங்கள். ஆதாரமாகக் கேட்கக்கூடிய ஆவணத்தைத் தடுக்கும் நோக்கத்தோடு அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 241-வது பிரிவில் 3 வருடம் வரை சிறை. அமெரிக்காவின் என்ரான் கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில் ஆவணங்களை அழித்ததற்காக அதன் ஆடிட் நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் 2002-ல் தண்டிக்கப்பட்டது. 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, ஆனால் அதற்குள் அந்தப் பெரிய ஆடிட் நிறுவனம் இல்லாமலே போயிருந்தது. மேனேஜர் சொன்னதை ஈமெயிலில் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வேலைக்கு விண்ணப்பித்து எடுக்காதவர்களின் பயோடேட்டா, ஆதார் நகலை எவ்வளவு நாள் வைக்கலாம்? (ஓசூர்)

ஆள் எடுத்து முடிந்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. ஓரிரு மாதம் வைத்துவிட்டு ஷ்ரெடரில் விடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வெறும் காகிதத்துக்குப் பொருந்தாது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய நகலுக்குப் பொருந்தும், தேவை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்கிறது. காகிதத்தை அழித்துவிட்டு, ஹெச்ஆர் வாட்ஸ்அப் குரூப்பில் அதே ஆதாரின் போட்டோவை விட்டுவைப்பவர்கள்தான் அதிகம். அதையும் பாருங்கள். உண்மையில் இன்டர்வியூவுக்கே ஆதார் நகல் எதற்கு? வேலையில் சேர்ந்த பிறகு பிஎஃப்-க்காக வாங்கினால் போதும்.