பஸ்கா வாரத்தில் இட்லி ஆகுமா?

கேள்வி: என் தங்கை இஸ்ரேலில், ஹைஃபாவில் ஒரு வயதான யூதத் தம்பதியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரம் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதாம். இட்லி மாவு அரைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விலக்கு புளிப்புக்கு இல்லை, தானியத்துக்குத்தான். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்தில் ஒன்றின் மாவு, தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் ‘ஹமேட்ஸ்’, அதாவது அந்த வாரம் விலக்கப்பட்டது. திராட்சை ரசமும் புளித்ததுதான். அதை முதல் இரவு விருந்தில் நான்கு கோப்பை குடிக்கிறார்கள். அரிசியும் உளுந்தும் எவ்வளவு பொங்கினாலும் ஹமேட்ஸ் ஆகாது.

சிக்கல் வேறு இடத்தில். ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்களில் வழக்கம் பார்ப்பவர்கள் அரிசி, பருப்பு, கடுகு, எள், மக்காச்சோளம் எல்லாவற்றையும் ‘கிட்னியோட்’ என்று அந்த வாரம் ஒதுக்குவார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செஃபார்டிக் குடும்பங்களில் பெரும்பாலோர் அரிசி சாப்பிடுவார்கள். அதையும் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பரப்பிப் பொறுக்கிவிட்டுத்தான். எனவே தங்கை முதலில் கேட்க வேண்டியது, “நீங்கள் கிட்னியோட் சாப்பிடுவீர்களா?” என்பதே. சாப்பிடுகிற வீடு என்றால் இட்லிக்குத் தடையில்லை.

சாம்பாரில்தான் மாட்டிக்கொள்வார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சீரகம், வெந்தயத்திலும் கோதுமை மணி கலந்து வருவதுண்டு. ரவை, சேமியா, சோயா சாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை வேறு அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா என்பது வீட்டாரின் முடிவு. கேட்காமல் ஒளித்துவைப்பது மட்டும் கூடாது.

கேள்வி: பஸ்காவில் சமைக்க, பழைய பாத்திரங்களை வெந்நீரில் முக்கினால் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேகவைக்கப் பயன்பட்ட எவர்சில்வருக்குப் போதும்; முறையாகச் செய்தால். பிசுக்குப் போகத் தேய்த்து, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். பிறகு பெரிய அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுக்க முக்கி, எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். கனத்த பாத்திரத்தை இறக்கியதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதிக்கும் முன் எடுத்தால் அது கணக்கில் வராது. கைப்பிடித் திருகிலும் மூடி விளிம்பிலும் ஒட்டிய பழைய மாவுதான் அடுத்த வில்லன். திருகைக் கழற்றிவிடுவது நல்லது.

சப்பாத்தி சுட்ட தோசைக்கல்லுக்கு வெந்நீர் உதவாது. நெருப்பில் நேராகப் பட்ட இரும்பு நெருப்பில்தான் சுத்தமாகும். செக்கச்செவேலென்று காய்ச்ச வேண்டும். மண்சட்டிக்கும் பீங்கானுக்கும் வழியே இல்லை, கட்டி மேலே ஏற்றிவிட வேண்டியதுதான். புதிதாக ஒரு கல் வாங்குவது இந்தப் பாட்டுக்கு மலிவு.

கேள்வி: பஸ்காவுக்கு முந்தைய இரவு ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைத்துத் தேடுவது எதற்கு?
– வாசகர், சென்னை

பதில்: வீட்டில் மிச்சமிருக்கும் ஹமேட்ஸை அந்த இரவு தேடுவது வழக்கம். தேடுபவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகப் பத்துச் சிறு துண்டுகள் வைப்பார்கள். உதிராமல் காகிதத்தில் சுற்றி, வைத்த இடங்களை எழுதிக்கொள்வது முக்கியம். ஒன்பது கிடைத்து பத்தாவது கிடைக்காவிட்டால் இரவெல்லாம் அதே வேலை! மெழுகுவர்த்தியும் இறகும் மரபு. சோபா இடுக்குக்கும் கார் சீட்டுக்கும் டார்ச்தான் சரி. பிள்ளைகளின் பள்ளிப் பையும் கோட் பையும் மறக்கக் கூடாதவை. கிடைத்ததை மறுநாள் காலை எரிப்பார்கள். பஸ்கா சனி இரவில் தொடங்கும் ஆண்டில், 2025இல் நடந்ததுபோல, தேடல் வியாழன் இரவுக்கும் எரிப்பு வெள்ளி காலைக்கும் முன்தள்ளப்படும்.

கேள்வி: பல் இல்லாத பெரியவர், பஸ்காவில் உண்ணும் புளிக்காத அப்பமான மட்ஸாவை எப்படிச் சாப்பிடுவார்?
– வாசகி, மதுரை

பதில்: வயதானவரும் நோயாளியும் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட அனுமதி உண்டு, கரைந்து கஞ்சியாகிவிடக் கூடாது. முதல் இரவு விருந்தில் கடமையாகச் சாப்பிட வேண்டிய மட்ஸாவை மட்டும் சூப்பில் ஊறவைப்பது சரியில்லை. மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு போதும். தினசரி மாத்திரையை ஹமேட்ஸுக்குப் பயந்து யாரும் நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமும் அவர்களுடைய ரபியிடமும் (யூத மதகுரு) கேட்கலாம்.