டோக்கியோ பங்கு வாங்குமுன் விலையை நூறால் பெருக்கிப் பாருங்கள்

கேள்வி: இந்தியாவில் வசிக்கிறேன். நின்டெண்டோ, டொயோட்டா பங்குகளை வாங்க விரும்புகிறேன். ஜப்பானில் நேரடியாகக் கணக்குத் தொடங்கலாமா?

பதில்: ஜப்பானியத் தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்நாட்டில் வசிப்பவர்களுக்கே கணக்குத் தொடங்கித் தருகின்றன. வெளியில் இருப்பவர்கள், இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற பன்னாட்டுத் தரகர்களை நாடுவதே நடைமுறை. உங்கள் கணக்கில் டோக்கியோ சந்தைக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் ஒரு தடை இருக்கிறது. அங்கே பங்குகள் நூறு நூறாகத்தான் கைமாறும். நின்டெண்டோ (குறியீட்டு எண் 7974) பங்கு 10,000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 லட்சம் யென் வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அவ்வளவையும் ஒரே நிறுவனத்தில் முடக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறு தொகைக்கு அமெரிக்கச் சந்தையே வசதி. டொயோட்டா, சோனி, மிட்சுபிஷி யுஎஃப்ஜே ஆகியவற்றின் ஏடிஆர் சான்றுகள் (வெளிநாட்டுப் பங்குகளுக்கு ஈடாக அமெரிக்காவில் வழங்கப்படுபவை) நியூயார்க்கில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. டொயோட்டாவின் ஒரு சான்று 10 பங்குகளுக்குச் சமம். எனவே விலையை ஒப்பிடும்போது பத்தால் வகுக்க மறக்காதீர்கள். நின்டெண்டோ சான்று பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாமல், தரகர்கள் வழியாக நேரடியாகக் கைமாறும் ஓடிசி சந்தையில்தான் கிடைக்கும். முதல்முறை வருபவருக்கு என் பரிந்துரை ஐஷேர்ஸ் எம்எஸ்சிஐ ஜப்பான் போன்ற இடிஎஃப், அதாவது பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதிதான். ஒரே யூனிட்டில் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பலவும் அடங்கிவிடும்.

ஆனால் டாலரில் வாங்கினாலும் யென்னின் ஏற்ற இறக்கம் உங்களை விடாது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 103 யென். 2024 ஜூலையில் அது 161-ஐத் தாண்டியது; அதாவது யென் அந்த அளவு மதிப்பிழந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989-இன் உச்சத்தைக் கடந்ததைக் கொண்டாடியவர்களில், டாலரில் கணக்குப் பார்த்தவருக்கு லாபத்தின் கணிசமான பகுதி கரைந்திருந்தது. இதைத் தவிர்க்க விரும்பினால், நாணய மாற்று இழப்புக்குக் காப்பு செய்யப்பட்ட இடிஎஃப்களும் உண்டு. யென் வலுத்தால் வரும் ஆதாயம் அப்போது கிடைக்காது.

நிக்கேய் ஃபியூச்சர்ஸ் (குறியீட்டின் வருங்கால விலை மீதான ஒப்பந்தம்) பக்கம் போகவே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் என்னும், தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்; ஆனால் வெளிநாட்டுச் சந்தைகளில் மார்ஜின் (இத்தகைய ஒப்பந்தங்களுக்கான பிணைத்தொகை) கட்டுவதற்கு அனுப்பத் தடை இருக்கிறது.

டிவிடெண்டில், அதாவது நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் லாபத்தில், ஜப்பான் 15.315 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது 10 சதவீதம்தான் என்றாலும், சலுகை தானாக வருவதில்லை. அதற்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்று கணக்குத் தொடங்கும்போதே தரகரிடம் கேட்டு வாங்குங்கள்.