புதிய ஊசியல்ல, இந்த நான்கு நாட்கள்தான் முக்கியம்

அல்சைமர் மறதி நோய்க்கான லெக்கனமாப் ஊசியை எப்பாடுபட்டாவது வரவழைத்திருந்தால் அம்மா தேறியிருப்பாரோ என்ற எண்ணம் உங்களை வாட்டுவது கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்தக் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற அந்த மருந்து மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகிறதே தவிர, போன நினைவை மீட்டுத் தருவதில்லை. 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில் நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது என்பது உண்மை. ஆனால் நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளிதான். அதுவும் நோயின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கே. தாமாகப் புடவை கட்டிக்கொள்ள இயலாத நிலைக்கு வந்துவிட்ட அம்மாவுக்கு அது பொருந்தாது. தவிர, மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்படுத்தக்கூடிய இந்த ஊசி, இதயத்துடிப்புக் கோளாறுக்காக அபிக்சபான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைச் சாப்பிடும் அவருக்குக் கூடுதல் ஆபத்தானது. நீங்கள் பார்த்த காணொளிகளில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் அஞ்சுவதுபோல், அல்சைமருக்குக் காரணம் என்று அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாட்டிக்கு எண்பது வயதில் மறதி வந்ததற்காக நீங்கள் மரபணுப் பரிசோதனைக்கு ஓடவும் வேண்டாம்.

என்னைக் கவலைப்பட வைத்தது, நான்கு நாட்களாக அம்மா பகலெல்லாம் தூங்குகிறார், மாலையில் சுவரோரம் ஆட்கள் நிற்பதாகச் சொல்கிறார் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான். அல்சைமர் நாட்கணக்கில் இப்படி முற்றுவதில்லை. திடீரென மாறினால் வேறு காரணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்: முதியவர்களிடம் காய்ச்சல்கூட இல்லாமல் வரும் சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, அல்லது மண்டையோட்டுக்குள் மெல்லச் சேரும் இரத்தம். அபிக்சபான் சாப்பிடுபவருக்குக் குளியலறைச் சுவரில் தலை இலேசாக இடித்தாலே அது நேரலாம். இடித்ததை உங்களிடம் சொல்ல அவருக்கு நினைவிருக்காது.

இன்னொன்று. தூங்கட்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்து வரும் பெனிரமின் என்ற ஒவ்வாமை மாத்திரை, மறதி நோய் மருந்தான டோனெபெசில் மூளையில் பெருக்கும் அதே அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பது. இந்தக் குழப்பத்தை அது ஒன்றே உண்டாக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் இதைத் தந்திருக்கவே கூடாது; இன்றே நிறுத்துங்கள்.

அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, மாற்றம் தொடங்கிய நாளைத் தெளிவாகச் சொல்லுங்கள். சிறுநீர், சோடியம், சர்க்கரைப் பரிசோதனைகளோடு தலைக்கு சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். வாந்தியோ, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ, எழுப்பியும் எழாத நிலையோ தென்பட்டால் 108ஐ அழையுங்கள். அபிக்சபானை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை, அம்மாவைப் பரிசோதிக்கும் மருத்துவர் முடிவு செய்வார்.