சின்ன லேத்தில் யோயோ கடைவது: கேட்டதும் சொன்னதும்

பெங்களூர் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் டர்னர் வேலை எனக்கு, அதாவது லேத்தில் உலோகம் கடையும் வேலை. வீட்டு மாடி அறையில் ஒரு சின்ன பெஞ்ச் லேத், அதாவது மேஜை மேல் வைக்கும் கடைசல் மெஷின், இருக்கிறது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோ கடைவேன். மெட்டல் யோயோ என்பது இரண்டு பாதி, நடுவில் ஒரு பேரிங், அதன் மேல் கயிறு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்க அச்சாக ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். கையால் ஓட்டும் லேத் வேலையில் இன்னும் இத்தனை பேருக்கு ஆர்வம் இருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஏழு இன்ச் சைனா மினி லேத் வாங்க நினைக்கிறேன். அதில் செய்தால் கடையில் விற்கும் மெட்டல் யோயோ மாதிரி நடுங்காமல் சுற்றுமா?

சுற்றும் தம்பி. மெட்டல் யோயோவின் விட்டம் பெரும்பாலும் 55 முதல் 58 மி.மீ. வரைதான். அந்த அளவுக்கு இந்த மெஷின் போதும். சிங்கிள் ஃபேஸ் கரண்டிலேயே ஓடும், வீட்டில் வைக்கலாம்.

நடுங்காமல் சுற்றுவது மெஷினின் விலையைப் பொறுத்ததில்லை. அச்சோடு சம்பந்தப்பட்ட எல்லா இடங்களையும், அதாவது பேரிங் உட்காரும் தண்டு, பேரிங் முட்டும் படி, அச்சு ஸ்க்ரூ ஏறும் மரை (திருகுப் புரி) எல்லாவற்றையும், ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடிக்க வேண்டும். அப்படி முடித்தால் இவை எல்லாம் தானாகவே ஒரே மையத்தில் அமையும். நடுவில் ஒரு தடவை கழற்றி மாட்டினால், எவ்வளவு பெரிய லேத்தாக இருந்தாலும் மையம் விலகிவிடும். கீழே வரும் பதில்களில் பாதி இதே விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

கம்மனஹள்ளியிலிருந்து: என்ன மெட்டீரியல் வாங்குவது? எவ்வளவு வாங்குவது?

அலுமினியம். கடையில் "6061 இருக்கா" என்று கேட்டு இல்லை என்றால் எச்.ஈ.20 கேளுங்கள், அதேதான். எச்.ஈ.30 கேட்டால் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். அது 6082. யோயோவுக்கு அதுவும் அருமையாகக் கடையும். பழைய இரும்புக் கடையில் பேர் தெரியாத அலுமினியத் துண்டு வாங்காதீர்கள். மிருதுவான ரகமாக இருந்தால் டூல் முனையிலேயே ஒட்டிக்கொண்டு, ஜாப்பைக் கிழித்தாற்போல் ஆக்கிவிடும்.

60 மி.மீ. ரவுண்டு பாரில் 25 மி.மீ. தடிமனுக்கு இரண்டு துண்டு வேண்டும். பேண்ட்ஸா (பட்டை ரம்ப மெஷின்) இருக்கும் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். சின்ன லேத்தில் 60 மி.மீ. பாரைப் பார்ட்டிங் போட்டால், அதாவது டூலாலேயே வெட்டித் துண்டாக்கினால், டூல் சிக்கும், மெஷின் முழுக்க அதிரும். ஒரு துண்டு 190 கிராம் இருக்கும். முடிந்த யோயோ முழுசாகவே 65 கிராம்தான். மிச்சம் எல்லாம் சுருளாகப் போகும். அதனால் பொறுமை வேண்டும். அப்புறம், சுருள் அள்ள ஒரு நல்ல பிரஷ் வேண்டும். கையால் அள்ளவே கூடாது.

இதுவரை லேத்தே தொடாதவர் என்றால் முதலில் டெல்ரின் பிளாஸ்டிக்கில் ஒன்று செய்யுங்கள். வெண்ணெய் மாதிரி கடையும். ஆனால் அந்தச் சுருளை ஒருபோதும் எரிக்காதீர்கள். அதிலிருந்து வரும் புகை விஷம்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து ஒரு சக டர்னர்: சார், ஆபரேஷன் வரிசையை முழுசாகச் சொல்லுங்கள்.

சொல்கிறேன் சார். உங்களுக்குத் தெரிந்தது பாதி இருக்கும், புதியவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

துண்டைச் சக்கில் பிடித்து, முதலில் வெளிப்பக்கக் குழியை ரஃப்பாகத் தோண்டிவிடுங்கள். ஒரு மி.மீ. மிச்சம் வைத்தால் போதும். மெட்டீரியலில் பெரும்பகுதி இங்கேயே போய்விடுவதால், கடைசி ஃபினிஷிங்கில் டூலுக்குப் பாரம் இருக்காது. இரண்டு துண்டுக்கும் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து திருப்பிப் பிடித்து உள்பக்கம், அதாவது கயிறு ஓடும் பக்கம். அந்த ஒரே பிடிப்பு என்று சொன்னது இதுதான். ஃபேஸிங் போட்டு (முகத்தைச் சமமாகச் சீவி), மையத்தில் செண்டர் டிரில், 3.3 மி.மீ. டிரில், பிறகு 4 மி.மீ. மரை வெட்டும் எம்4 டேப். டேப்பை டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்க்கோடியில் இருக்கும் தாங்கி) செண்டரால் தாங்கிக்கொண்டு சக்கைக் கையாலேயே திருப்புங்கள். மோட்டாரைப் போடாதீர்கள். மரையின் வாயில் ஒரு மி.மீ. ஆழத்துக்கு 4 மி.மீ. வெற்றுத் துளையாக விட்டால் ஸ்க்ரூ சாயாமல் இறங்கும்.

பிறகு பேரிங் தண்டு. யோயோக்காரர்கள் சி சைஸ் என்று சொல்லும் பேரிங், பேரிங் கடையில் ஆர்188. உள் விட்டம் 6.35, வெளி விட்டம் 12.7, அகலம் 4.76 மி.மீ. தண்டை 6.33 அல்லது 6.34க்குக் கொண்டுவாருங்கள். பேரிங் கையால் வழுக்கி ஏற வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. தண்டின் நீளம் 2.2 மி.மீ. இரண்டு பாதியும் சேரும்போது தண்டும் தண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த அளவு. தண்டின் அடியில் 8 மி.மீ. விட்டத்தில் ஒரு சின்ன படி விட்டு, அதைச் சுற்றி 13.2 விட்டம் வரை கால் மி.மீ. இன்னும் ஆழமாக எடுத்துவிடுங்கள். பேரிங்கின் உள் வளையம் மட்டும் படியில் உட்கார வேண்டும். வெளி வளையம் எங்கேயும் உரசக்கூடாது. அதற்கு வெளியே 19 மி.மீ. வரை, ஒரு மி.மீ. ஆழத்தில் சிலிகோன் பேடுக்கான (கயிற்றைப் பிடிக்கும் மெல்லிய வளையத்துக்கான) பள்ளம். பக்கச் சுவர் அந்தப் படியைவிட 0.15 மி.மீ. உயரமாக நின்றால், இரண்டு பாதிக்கும் நடுவே 4.46 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கயிற்றுக்கு அது நல்ல அளவு. கடைசியில் கயிறு ஓடும் சரிவையும் இதே பிடிப்பில் எடுத்துவிட்டுத்தான் சக் சாவியைத் தொட வேண்டும்.

மூன்றாவது, மாண்ட்ரல், அதாவது யோயோ பாதியை மாட்டிக் கடைய நாமே செய்துகொள்ளும் பிடி. ஏதாவது ஒரு அலுமினியத் துண்டைச் சக்கில் பிடித்து முகத்தைச் சீவுங்கள். ஒரு துளை போட்டு, துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கால் இன்ச் ரீமரால் முடியுங்கள். கால் இன்ச் என்றால் 6.35, யோயோவின் தண்டு அப்படியே போய் உட்காரும். அதற்கும் உள்ளே எம்4 மரை போட்டு ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). இப்போது மாண்ட்ரல் பேரிங்கின் வேலையைச் செய்கிறது. யோயோ பாதியை இதில் திருகி, வெளி விட்டத்தையும் வெளிக் குழியையும் மெல்லிய கட்டில் முடியுங்கள். லேத் நேராக ஓடும்போது கட்டிங் விசை மரையை இறுக்கும். ரிவர்ஸில் ஓட்டினால் பாதி கழன்று பறந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். இரண்டு பாதியும் முடியும்வரை மாண்ட்ரலைச் சக்கிலிருந்து எடுக்காதீர்கள். இன்னொரு நாள் வேலைக்குப் புதிதாக ஒரு மாண்ட்ரல் கடைந்துகொள்வது நல்லது.

ஸ்பீடு 600 ஆர்.பி.எம். வைத்தால் விளிம்பில் நிமிஷத்துக்கு நூறு மீட்டர் சொச்சம் வரும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு அது சரி. கார்பைடு என்றால் அலுமினியத்துக்கென்றே வரும் பாலிஷ் போட்ட கூர்மையான இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டு முனை) வாங்குங்கள். இரும்புக்கு வரும் கோட்டிங் இன்சர்ட் வேண்டாம். கடையும்போது டூல் முனையில் விட நாங்கள் பழகியது மண்ணெண்ணெய்தான். இப்போது கிடைப்பது கஷ்டம், டபிள்யூ.டி.40 தெளித்தாலும் போதும்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: என் லேத்தில் மூன்று தாடைச் சக்கிலேயே 0.1 மி.மீ. ரன் அவுட் (மையம் விலகி ஆடுவது) இருக்கிறது. நான்கு தாடைச் சக் வாங்கணுமா?

வேண்டாம். மேலே சொன்ன வரிசையில் போனால் அந்த 0.1 ஃபினிஷ் ஆன ஜாப்பில் வராது. வெளி விட்டம் கடைசியாக மாண்ட்ரலில்தான் முடிகிறது. அந்தக் காசில் ஆட்டத்தை முள்ளில் காட்டும் ஒரு டயல் கேஜும் நல்ல மைக்ரோமீட்டரும் வாங்குங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்) இல்லாமல் யோயோவின் அந்த வளைவை எப்படிக் கொண்டுவருவது?

மூன்று வழி இருக்கிறது. நேர்ச் சரிவாக வி வடிவம் போதும் என்றால் டூலைத் தாங்கும் காம்பவுண்டு ஸ்லைடைச் சாய்த்து வைத்தே எடுத்துவிடலாம். முதல் யோயோவுக்கு இதைத்தான் சொல்வேன். பார்க்கவும் அழகு, கயிறும் சுத்தமாக ஓடும். இரண்டாவது, ரேடியஸ் வேண்டும் என்றால் எச்.எஸ்.எஸ். பிட்டை அந்த வளைவுக்கே சாணை பிடித்து ஃபார்ம் டூலாக வைப்பது. அகலமான டூல் சின்ன லேத்தில் அதிரும், அதனால் குறுகிய பகுதிக்கு மட்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வளைவைக் கிராஃப் தாளில் பெரிதாக வரைந்து, கால் மி.மீ.க்கு ஒரு தடவை ஆழம் எவ்வளவு என்று அட்டவணை போட்டுக்கொண்டு, படிப்படியாகக் கடைவது. கடைசியில் அரத்தாலும் தண்ணீர்ப் பேப்பராலும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளாலும்) படிகளை மழுங்கடித்துவிடலாம். நேரம் எடுக்கும். ஆனால் அந்த வளைவு முழுக்க உங்கள் கையில் வந்தது. ஹேண்டிலை எப்போதும் ஒரே திசையிலிருந்தே அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூவில் இருக்கும் தளர்வு, அதாவது பேக்லாஷ், கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து: 608 பேரிங் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறதே, அதைப் போடக்கூடாதா?

கூடாது. 22 மி.மீ. விட்டம், 7 மி.மீ. அகலம். அவ்வளவு அகலமான இடைவெளியில் கயிறு சுவரைப் பிடிக்கவே பிடிக்காது. எஸ்.பி. ரோடு பக்கம் பேரிங் கடைகளில் ஆர்188 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், இல்லை என்றால் ஆன்லைனில் வாங்குங்கள். வந்ததும் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும்.

ராஜாஜிநகரிலிருந்து: செய்துவிட்டேன். ஆனால் சுற்றும்போது விரலில் நடுக்கம் தெரிகிறது. இரண்டு பாதியும் ஒரே எடைதான், நகைத் தராசில் போட்டுப் பார்த்தேன்.

எடை சமமாக இருப்பதற்கும் நடுக்கத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. ஒரு பாதி அரை கிராம் கூட இருந்தால் யோயோ மெதுவாக ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாதியும் தன் அச்சைச் சுற்றிச் சமமாக இல்லாவிட்டால்தான் நடுக்கம் வரும்.

வரிசையாகப் பாருங்கள். முதலில் பேரிங்கைத் திருப்பிப் போடுங்கள். பிறகு அச்சு ஸ்க்ரூவை மாற்றுங்கள், அதைக் கண்ணாடி மேல் உருட்டினாலே வளைவு தெரியும். பிறகு படியில் பிசிறோ சுருள் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். தலைமுடி அளவு துணுக்கு இருந்தாலும் பாதி சாய்ந்துதான் இறுகும். இதெல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால், இரண்டு பாதியையும் மாண்ட்ரலில் மாட்டி விளிம்பில் டயல் கேஜ் வையுங்கள். முள் அதிகம் ஆடும் பாதியில் படி சாய்ந்திருக்கிறது. அதற்கு அலங்கார வேலை எதுவும் உதவாது, அந்தப் பாதியைப் புதிதாகக் கடையுங்கள்.

விவேக்நகரிலிருந்து ஓர் அம்மா: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். லேத் வேணும் என்று அடம் பிடிக்கிறான். விடலாமா சார்?

விடலாம்மா, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் மட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடவே கூடாது, சுழலும் ஜாப் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முழுக்கைச் சட்டை, கழுத்துச் செயின், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிட வேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரக்கூடாது. உப்புத்தாளைச் சுழலும் ஜாப்பில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. அரத்துக்கு மரப் பிடி இருக்க வேண்டும்.

முதல் மாதம் அவன் ஃபேஸிங்கும் நேர் கடைசலும் மட்டும் பழகட்டும். கை பழகின பிறகு யோயோ.

கோலார் தங்கவயலிலிருந்து (கே.ஜி.எஃப்.) வந்து செட்டில் ஆன ஒரு பெரியவர்: மரத்தில் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும் ஐயா. நம் பக்கத்திலேயே, மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் போனால் சென்னப்பட்டணா. அங்கே பொம்மைகளை வெட்பாலை மரத்தில்தான் கடைகிறார்கள். நெருக்கமான வெள்ளை மரம், உளிக்கு நன்றாக ஒத்துப்போகும். சுழலும் மரத்தின் மேலேயே அரக்குக் குச்சியை அழுத்தினால், சூட்டில் உருகி நிறம் ஏறும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஒரு யோயோவுக்கு இதைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரிந்து இல்லை.

மரத்தில் பேரிங் வேண்டாம். 6 மி.மீ. மரக் குச்சியையே அச்சாக வைத்து, இடைவெளியை 3 மி.மீ. வையுங்கள். இரண்டு பாதியையும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து வெட்டிய துண்டிலிருந்து எடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் இரண்டும் ஒரே மாதிரி ஊதும்.

ஒரு அறிவியல் டீச்சர்: ஓரத்தில் எடை வைக்கிறார்களே, ஏன்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் டீச்சர். பத்து கிராம் உலோகத்தை 10 மி.மீ. ஆரத்திலிருந்து 25 மி.மீ. ஆரத்துக்குத் தள்ளினால், அதன் பங்கு 6.25 மடங்கு ஆகிறது. எடை கூடாமலே அதிக நேரம் சுற்றும். அதனால்தான் நடுச் சுவரை 2 மி.மீ. வரை மெலிதாக்கி, விளிம்பைத் தடிப்பாக விடுகிறோம்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் ஒரு யோயோவை எடுத்துப்போய் ஆட்டிப் பார்த்தார்கள். இங்கே யோயோ கீழேயே நின்று சுற்றுவது புவியீர்ப்பு கயிற்றை இழுத்துப் பிடிப்பதால். அங்கே அந்த இழுப்பு இல்லை, கயிற்றின் முனையில் நின்று சுற்றாமல் திரும்பி வந்துவிட்டது.

பீன்யாவிலிருந்து: ஆனடைசிங் (அலுமினியத்தின் மேல் கெட்டியான பூச்சு வளர்ப்பது) வீட்டிலேயே போடலாமா?

கந்தக அமிலம் வேண்டும். அபார்ட்மெண்டில் அதை வைக்காதீர்கள். உங்கள் ஏரியாவிலேயே ஆனடைசிங் போடுபவர்கள் இருக்கிறார்கள், நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் பேரிங் தண்டையும் மரையையும் மறைக்கச் சொல்லுங்கள். பூச்சு சில மைக்ரான் வளர்ந்தாலும் பேரிங் ஏறாது.

எட்டாவது படிக்கும் ஒரு பெண்: அங்கிள், அப்பா செய்து கொடுத்த யோயோ நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இழுத்தால் கைக்கு வரமாட்டேங்குது. கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை கண்ணு. பேரிங் வைத்த, இடைவெளி அகலமான யோயோ சும்மா இழுத்தால் வராது. சுற்றிக்கொண்டிருக்கும்போது கயிற்றை ஒரு மடிப்பாக அந்த இடைவெளிக்குள் விட வேண்டும். பேட் அதைப் பிடித்துக்கொண்டு கயிறு சுருண்டு மேலே வரும். அதைத்தான் பைண்ட் என்கிறார்கள். முதலில் கயிற்றை உன் தொப்புள் உயரத்துக்கு வெட்டிக்கொள். கஷ்டமாக இருந்தால் அப்பாவிடம் சொல்லி பேரிங்கில் கொஞ்சம் கெட்டி எண்ணெய் விடச் சொல், கயிறும் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொல். இழுத்தாலே வரும். பைண்ட் பழகினதும் அந்த எண்ணெயைக் கழுவிவிடலாம்.